மதுரைப் பொண்ணு, கொல்கத்தா மாப்பிள்ளை: ரெண்டு முறையும் சேத்துப் பண்ற கல்யாணத்துல ரெண்டு அம்மாவும் மேடையில இருக்கணும், வழி சொல்லுங்க

வைகைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நான் மதுரை, அவர் கொல்கத்தா பெங்காலி. பெங்களூர்ல ஒரே ஆபீஸ், நாலு வருஷப் பழக்கம். ரெண்டு வீட்லயும் சம்மதம் சொல்லிட்டாங்க, அதுக்கு நாங்க பெருசா போராடவே இல்ல. சம்மதம் சொன்னதுக்கு அப்புறம்தான் ஒவ்வொண்ணா வருது.

முதல்ல தேதி. எங்க வீட்ல ஆவணில வச்சிடலாம்னாங்க. அவங்க வீட்ல கேட்டா அது பாத்ரோ மாசம், அதுல கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டோம்னுட்டாங்க. சரி நீங்களே சொல்லுங்கன்னா ஷ்ராபோன் மாசத்துல நல்ல லக்னம் இருக்குன்னாங்க, காலண்டரைப் பாத்தா அது நம்ம ஆடி, அம்மா அப்படியே உக்காந்துட்டாங்க. அவங்களுக்கும் நம்மள மாதிரி சூரியன் கணக்கு மாசம்தான், ஏப்ரல் பாதில வருஷம் பொறக்குது, மாசத்துக்கு மாசம் அப்படியே நேருக்கு நேர் வருது, ஆனா எந்த மாசம் ஆகும் எது ஆகாதுங்கறது மட்டும் தலைகீழா இருக்கு. கடைசில நமக்கு தை, அவங்களுக்கு மாக், ரெண்டு பேருக்கும் நல்ல மாசம்னு அதுல முடிவாச்சு.

அடுத்து யாரு எடுத்துச் செய்யறது. எங்க சொந்தத்துல மாப்பிள்ளை வீட்லதான் கல்யாணம் நடத்துவாங்க. பெங்காலில கல்யாணம் பொண்ணு வீட்ல, அதுக்கப்புறம் மாப்பிள்ளை வீட்ல பௌ பாத்னு விருந்து. ஆக அவங்க மண்டபம் பாத்திருப்பாங்கன்னு நாங்களும், நாங்க பாத்திருப்போம்னு அவங்களும் ரெண்டு மாசம் சும்மா இருந்திருக்கோம், ரெண்டு பக்கமும் உள்ளுக்குள்ள வருத்தம் வேற. இதைப் பேசித் தீத்தாச்சு, மதுரைலயே ரெண்டும் பண்றோம், நம்ம முகூர்த்தம் காலைல, அவங்க லக்னம் சாயங்காலம், ஒரே நாள்.

நான் கேக்க வந்தது வேற. எங்க அப்பா நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறப்ப தவறிட்டாங்க. அதுக்கப்புறம் அம்மா ஒத்தை ஆளா தையல் மெஷினை வச்சு என்னையும் தம்பியையும் படிக்க வச்சாங்க. இப்ப அம்மா சொல்றாங்க, பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வாக்கட்டும், நான் மேடைக்கு வரல, கீழ முதல் வரிசைல உக்காந்து பாத்துக்கிறேன்னு. யாரும் அவங்களை வராதன்னு சொல்லல, அவங்களாவே ஒதுங்குறாங்க, அதுதான் எனக்குத் தாங்கல. அந்தப் பக்கம் கேட்டா பெங்காலில பையனோட அம்மா மகன் கல்யாணத்தைக் கண்ணால பாக்கக் கூடாதாம், கொல்கத்தாலயே இருந்துடறேன்னு அத்தை சொல்றாங்களாம். ரெண்டு ஊர் முறையையும் சேத்து ஆசை ஆசையா ஒரு கல்யாணம் பண்றோம், அதுல எங்க ரெண்டு பேரையும் பெத்தவங்க ரெண்டு பேருமே இருக்க மாட்டாங்கன்னா அது என்ன கல்யாணம்? இந்த மாதிரி ரெண்டு முறை சேத்துப் பண்ணவங்க இருந்தா எதை எடுத்தீங்க எதை விட்டீங்க, வீட்ல எப்படிப் பேசினீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.


லேக்மார்க்கெட்_தமிழன்:

வாழ்த்துக்கள் தங்கச்சி. நான் பொறந்து வளந்ததே கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம், என் வைஃப் பெங்காலி, கல்யாணம் ஆகி பதினோரு வருஷம். எங்களது உங்களுக்கு நேர் எதிர், பையன் தமிழ் பொண்ணு பெங்காலி, ஆனா இடிச்சது எல்லாம் அதே இடம்தான்.

மொதல்ல உங்க மாமியார் விஷயம். பையனோட அம்மா கல்யாணத்துக்குப் போகக் கூடாதுங்கறது அங்க பழைய வழக்கம்தான், கண்ணு பட்டுடும் ஆகாதுன்னு சொல்லுவாங்க, பொண்ணோட அம்மாவும் கல்யாணம் நடக்கிற இடத்துக்கு வராம உள்ளயே இருக்கற வீடுகள் உண்டு. இப்ப கொல்கத்தாலயே நிறைய குடும்பத்துல இதை விட்டுட்டாங்க. ஆனா உங்க மாமியார்கிட்ட இதெல்லாம் மூட நம்பிக்கைன்னு நேரா ஆரம்பிச்சிடாதீங்க, அவங்க மகன் நல்லா இருக்கணும்னு பயந்துதான் ஒதுங்குறாங்க, உங்க அம்மா ஒதுங்குறதும் அதே பயம்தான் யோசிச்சுப் பாருங்க. எங்க மாமியார்கிட்ட நாங்க சொன்னது இதான்: "ராத்திரி நடக்கறது உங்க முறை, அதுக்கு உங்க விருப்பப்படி உள்ள இருங்க. காலைல நடக்கறது தமிழ்க் கல்யாணம், அதுல அம்மா பாக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல, அம்மா இல்லாமத்தான் நடக்காது." அவங்க அரை நிமிஷம் யோசிச்சிட்டு நாலு மணிக்கே குளிச்சு ரெடி ஆகிட்டாங்க. ராத்திரி கல்யாணத்துக்கும் கதவு ஓரமா வந்து நின்னாங்க, அதை யாரும் கேக்கல. ரெண்டு முறை இருக்கறதுல இது ஒரு பெரிய வசதி, ஒரு பக்கம் பூட்டுன கதவை இன்னொரு பக்கம் திறந்துக்கலாம்.

ஆனா ஒரே நாள்ல ரெண்டும் வேண்டாம், இதை எவ்ளோ அழுத்திச் சொன்னாலும் தகும். பெங்காலி முறைல பொண்ணும் மாப்பிள்ளையும் விடியறதுக்கு முன்னாடி தோதி மங்கள்னு அவல் தயிர் சாப்பிட்டுட்டு அப்புறம் கல்யாணம் முடியற வரைக்கும் விரதம். உங்க முகூர்த்தம் காலைல ஆறு மணிக்குன்னா அதுல பால் பழம் குடுக்கணும், மத்தியானம் பந்தில பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வச்சு ஊட்டச் சொல்லுவாங்க, அப்ப விரதம் என்னாச்சுன்னு அவங்க வீட்டுப் பெரியவங்க கேப்பாங்க, ராத்திரி பத்து மணிக்கு லக்னம் முடியறப்ப நீங்க மேக்கப்போட மயங்கி விழுவீங்க. என் வைஃப் ஹோமப் புகையில மயக்கம் போட்டு விழுந்தா, இன்னைக்கும் அந்த வீடியோல அந்த இடத்தை நாங்க ஓட்டி விட்டுடுவோம். முதல் நாள் சாயங்காலம் பெங்காலி, நடுவுல ஓய்வு நாள் இல்லன்னா கூடப் பரவால்ல, மறுநாள் காலைல தமிழ் முகூர்த்தம்னு வையுங்க. இல்ல தமிழ் முதல்ல.

சேக்கறதுக்கு ரொம்ப எளிசான இடம் மஞ்சள். நமக்கு நலுங்கு, அவங்களுக்கு காயே ஹோலுத். அவங்க முறைல மாப்பிள்ளைக்குப் பூசின மஞ்சள்ல மிச்சத்தைத்தான் பொண்ணு வீட்டுக்கு அனுப்புவாங்க, அது கூடவே புடவை இனிப்புன்னு தட்டு தட்டா வரும், அதுக்குப் பேரு தொத்தோ. நம்ம சீர்வரிசை மாதிரியேதான் ஆனா ஒரு தட்டுல முழு ரோகு மீனுக்குப் பொண்ணு மாதிரி புடவை கட்டி பொட்டு வச்சு அனுப்புவாங்க. மதுரைல உங்க வீட்ல கறி மீன் சாப்பிடறவங்களா இருந்தாலும் கல்யாண வீட்டுக்குள்ள மீன் வந்தா பெரியவங்க முகம் மாறிடும். சந்தேஷ்னு அவங்க பால் இனிப்பு இருக்கு, அதை மீன் அச்சுல செஞ்சு அனுப்பச் சொல்லுங்க, அது அவங்க ஊர்லயே வழக்கமா செய்யறதுதான், யாருக்கும் மனக்குறை இருக்காது. அசல் மீனுக்கு கொல்கத்தா பௌ பாத் இருக்கு, அன்னைக்கு வேணுங்கற அளவு சாப்பிடட்டும்.

அப்புறம் சங்கு! இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. பெங்காலிக் கல்யாணத்துல நிமிஷத்துக்கு ஒரு தடவை சங்கு ஊதுவாங்க. நம்ம ஊர்ல சங்குச் சத்தம் கேட்டா எந்த வீட்டு வாசல் ஞாபகம் வரும்னு உங்களுக்கே தெரியும். எங்க கல்யாணத்துல என் ஆச்சி அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்னு யாரு யாருன்னு பதறிட்டாங்க, பாவம். அதனால முன்னாடியே உங்க பக்கத்துப் பெரியவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி வையுங்க, அவங்களுக்கு இது மங்கள சத்தம், கோயில்ல ஊதற மாதிரின்னு.

ஆனா உலு இருக்கு பாருங்க, பொம்பளைங்க நாக்கைச் சுழட்டி எழுப்புற சத்தம், அது நம்ம குலவையேதான். மதுரைக்காரங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். தாலி கட்டற நேரம் ஒரு பக்கம் கெட்டிமேளம், அது மேல ரெண்டு ஊர் பொம்பளைங்களும் சேந்து குலவை போட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. இதுக்கு ஐயர் வேண்டாம் மந்திரம் வேண்டாம் காசு வேண்டாம்.

இன்னும் ரெண்டு விஷயம், ரெண்டுமே வார்த்தை. மாப்பிள்ளை வீட்ல இருந்து கிளம்பறப்ப அம்மாகிட்ட "உனக்கு தாசி கொண்டு வரப் போறேன்"னு, அதாவது வேலைக்காரி கொண்டு வரப் போறேன்னு, சொல்லணும்னு ஒரு பழக்கம். பொண்ணு புகுந்த வீட்டுக்குக் கிளம்பறப்ப கனகாஞ்சலின்னு அரிசியை அள்ளித் தலைக்கு மேல பின்னாடி வீசணும், அம்மா முந்தானைல ஏந்துவாங்க, அப்ப "உங்க கடனைத் தீத்துட்டேன்"னு பொண்ணு சொல்லணும். என் வைஃப் அரிசியை வீசிட்டு "இந்தக் கடன் தீராதும்மா"ன்னு சொன்னா. அங்க இப்ப நிறைய பொண்ணுங்க அப்படித்தான் சொல்றாங்க. உங்க அம்மா கதையைப் படிச்சப்ப இதைச் சொல்லணும்னு தோணுச்சு, அந்த நேரத்துல திடீர்னு அந்த வரியைச் சொல்லச் சொன்னா உங்களுக்கு உடைஞ்சிடும், முன்னாடியே அவர்கிட்டப் பேசி வையுங்க.


பெரியகுளம்_அத்தை:

தங்கம், உன் கேள்வியைப் படிச்சிட்டு ரெண்டு நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு 61 வயசு. என் வீட்டுக்காரர் போய் பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறம் என் மகளுக்குக் கல்யாணம் பண்ணேன். நானும் உங்கம்மா மாதிரிதான் சொன்னேன், கொழுந்தனார் பண்ணட்டும் நான் சமையக்கட்டைப் பாத்துக்குறேன்னு. ஏன் சொன்னேன்னா யாராவது ஒருத்தர் ஒரு சொல்லு சொல்லிட்டா அந்த நாள் பூரா என் பிள்ளைக்குக் கெட்டுப் போகுமேன்னு. உங்கம்மா சகுனத்துக்குப் பயப்படலம்மா, உன் முகம் வாடிடக் கூடாதுன்னு பயப்படுறாங்க.

என் மகள் என்கிட்ட வாதாடவே இல்ல. நேரா எங்க அண்ணன்கிட்ட போனா, அதான் அவ தாய்மாமன்கிட்ட. நம்ம பக்கம் தாய்மாமன் சொன்னா சபை கேக்கும்ல. அவர் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு உக்காந்திருக்கும்போது எழுந்து நின்னு, "என் தங்கச்சிதான் இந்தப் பிள்ளையை ஆளாக்கினா, நாளைக்கு அவதான் தாலியை எடுத்துக் குடுப்பா, மாமன் நான் பக்கத்துல நிப்பேன், யாருக்காவது சங்கடமா இருந்தா இப்பவே என்கிட்ட சொல்லிடுங்க"ன்னாரு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. பெரிய கொழுந்தனார் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. மறுநாள் நான் பட்டுப் புடவை கட்டி மேடைல நின்னேன். அதனால சொல்றேன், அம்மாவைக் கன்வின்ஸ் பண்ணாத, அம்மாவுக்காகப் பேசற ஆளைப் பிடி. உன் தாய்மாமன் இருக்காருல்ல?

அப்புறம் அந்தப் பெங்காலி சடங்குல பொண்ணை மணைல உக்கார வச்சு அண்ணன் தம்பிங்க தூக்கிட்டு வருவாங்களாமே, வெத்தலையால முகத்தை மூடிக்கிட்டு வருமாமே பொண்ணு, என் மருமகன் சொந்தத்துல ஒரு கல்யாணத்துல பாத்தேன், எனக்கு அவ்ளோ பிடிச்சுது. அந்த மணையைத் தூக்கற நாலு பேர்ல உன் தாய்மாமனும் ஒருத்தரா இருக்கட்டும். நம்ம சீர்ல அவருக்கு என்ன மரியாதையோ அது அந்தச் சடங்குலயும் கிடைச்சிடும், அவருக்கும் ரெண்டு கல்யாணத்துலயும் வேலை இருக்கும்.

இன்னொண்ணு, வெக்கப்படாமச் சொல்றேன். நம்ம வீட்ல கல்யாணத்தன்னைக்கே சாந்தி முகூர்த்தம் வச்சுடுவாங்க. அவங்க வழக்கத்துல பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்னைக்கு ராத்திரி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கக் கூடாது, மறுநாள் விருந்து முடிஞ்சுதான் எல்லாம். இதை ரெண்டு சம்பந்தியம்மாவும் முன்னாடியே பேசிக்கணும், இல்லன்னா உங்க வீட்டுக் கிழவிங்க ஒண்ணு நினைக்கும் அவங்க வீட்டுக் கிழவிங்க வேற நினைக்கும்.


லேக்மார்க்கெட்_தமிழன்:

அத்தை சொன்னது சரி, அதுக்குப் பேரு கால் ராத்ரி. கல்யாண ராத்திரி பாம்பு கடிச்சுச் செத்த மாப்பிள்ளையை பொண்டாட்டி மீட்டுக் கொண்டு வந்த பேஹுலா கதையை அதுக்குச் சொல்லுவாங்க. அந்த ஒரு ராத்திரி தங்கச்சி மாமியார் கூட படுத்துக்கலாம், என் வைஃபோட அண்ணி அப்படித்தான் படுத்திருந்தாங்களாம், மாமியார் மருமகள் முதல் முதலா மனசு விட்டுப் பேசினது அன்னைக்குத்தானாம்.


வடக்குமாசிவீதி:

எல்லாரும் சேக்கறதப் பத்தியே சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. நானும் வேற மாநிலத்துப் பொண்ணைத்தான் கட்டிருக்கேன். நாங்க ஒரே மேடைல ஒரே முகூர்த்தத்துல ரெண்டையும் கலந்து பண்ணோம், அவங்க ஐயர் ஒரு மந்திரம் எங்க ஐயர் ஒரு மந்திரம்னு. ரெண்டு ஐயருக்கும் ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியல, சம்ஸ்கிருத உச்சரிப்பு கூட ஒத்து வரல, எது முடிஞ்சுது எது ஆரம்பிக்குதுன்னு யாருக்கும் தெரியல, நான் தாலியைக் கையில வச்சுக்கிட்டு கட்டலாமா வேண்டாமான்னு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த நிமிஷம் திரும்ப வருமா? என் பொண்டாட்டி கண்ணைப் பாத்துக் கட்ட வேண்டிய தாலிய ஐயர் கையைப் பாத்துக் கட்டினேன். அது எனக்கு இன்னைக்கும் ஆறல.

அதனால என் கருத்து, சடங்கைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டாதீங்க. அவங்க கல்யாணம் அவங்க முறைல முழுசா நடக்கட்டும், நம்மது நம்ம முறைல முழுசா நடக்கட்டும். ஒண்ணுல பொட்டு வச்சிட்டு இன்னொண்ணுல வளையல் போட்டுட்டுன்னு ஆக்கிட்டா ரெண்டு பக்கத்துப் பாட்டிங்களும் எங்க முறை நடக்கவே இல்லையேன்னுதான் வீட்டுக்குப் போவாங்க. நேரம் பத்தலன்னா சடங்கைக் குறைச்சுக்கோங்க, ஆனா எடுத்தத முழுசா பண்ணுங்க. மஞ்சள், குலவை இதெல்லாம் கலந்தா ஒண்ணும் இல்ல, அதை ஒத்துக்குறேன். நம்ம மாங்கல்யமும் அவங்க வகிட்டுல வைக்கற குங்குமமும் ஒரே மூச்சுல வேண்டாம்.


வைகைப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அத்தை உங்க பதிலை ஆபீஸ்ல உக்காந்து படிச்சு அழுதுட்டேன். வடக்குமாசிவீதி அண்ணே, நீங்க சொன்ன பயம்தான் எனக்கும், ஒரே நாள் திட்டத்தை இப்பவே மாத்திட்டோம், ரெண்டு நாள். ஒரு சந்தேகம், ரெண்டு நாள் ரெண்டு முறைன்னா சட்டப்படி எது கல்யாணம்? ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எந்தத் தேதி போடணும்? அப்புறம் பெரியப்பா தாரை வாக்கலன்னா அம்மா தனியா பண்ணலாமா, ஐயர் ஒத்துக்கலன்னா என்ன பண்றது?


பத்திர_எழுத்தர்:

சட்டத்துக்கு மட்டும் பதில் சொல்றேன்மா. ரெண்டு பேரும் இந்துங்கறதால 1955 இந்து திருமணச் சட்டம்தான், சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போய் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்ல. அந்தச் சட்டத்தோட 7வது பிரிவுல, ரெண்டு தரப்புல யாராவது ஒருத்தரோட வழக்கப்படி சடங்கு நடந்தாலே போதும்னு இருக்கு. ஆக நீங்க பெங்காலி முறைல மட்டும் பண்ணாலும் செல்லும், தமிழ் முறைல மட்டும் பண்ணாலும் செல்லும். அந்த முறைல ஏழு அடி நடக்கறது உண்டுன்னா ஏழாவது அடி வைக்கறப்ப கல்யாணம் முழுமை ஆகுது. ஆனா சடங்கே நடத்தாம சர்டிபிகேட் மட்டும் வாங்கி வச்சா அது கல்யாணம் ஆகாதுன்னு 2024ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, அதனால போட்டோ வீடியோ பத்திரமா வையுங்க.

தேதி விஷயம்: எது முதல்ல நடக்குதோ அதையே கல்யாணத் தேதியா எல்லா இடத்துலயும் போடுங்க. பத்திரிகைல ரெண்டு தேதியையும் திருமணம்னு போட்டு அச்சடிச்சிடாதீங்க, ரெண்டாவதுக்கு வேற ஏதாவது தலைப்பு வையுங்க, அந்தப் பத்திரிகையைத்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கேப்பாங்க, பின்னாடி பாஸ்போர்ட் விசான்னு போறப்ப தேதி மாறி இருந்தா அலைய வேண்டி வரும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி பதிவு கட்டாயம், கல்யாணத்துல இருந்து 90 நாளைக்குள்ள பண்ணிடுங்க, ஊருக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க.

அம்மா விஷயத்துக்கு ஒரு வழி இருக்கு, இது தமிழ்நாட்டுக்கே உரியது. அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப 1967ல கொண்டு வந்த திருத்தம், 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் குடுத்தது. உறவுக்காரங்க நண்பர்கள் முன்னாடி, ரெண்டு பேருக்கும் புரியற மொழில இவரை நான் ஏத்துக்கிறேன்னு சொல்லி, மாலை மாத்திக்கிட்டாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் முடிஞ்சுது. புரோகிதர் வேண்டியதில்ல, தாரை வாக்கறதும் வேண்டியதில்ல. மேடைல யாரு நிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணலாம். ஐயர் ஒத்துக்கலன்னா ஐயர் இல்லாமலேயே அம்மா கையால தாலி எடுத்துக் குடுத்துக் கட்டலாம், அதுக்குச் சட்டத்துல எந்தக் குறையும் இல்ல.


லேக்மார்க்கெட்_தமிழன்:

பெங்காலிப் பக்கத்துக்கும் இதே மாதிரி வழி இருக்கு. கொல்கத்தால நந்தினி பௌமிக்னு சம்ஸ்கிருதப் பேராசிரியை ஒருத்தங்க, பெண் புரோகிதரா கல்யாணம் பண்ணி வைக்கிறாங்க, கன்னிகாதானம் இல்லாமலேயே பண்றாங்க, மந்திரத்துக்கெல்லாம் புரியற மாதிரி அர்த்தமும் சொல்றாங்க. மதுரைக்கு யாரைக் கூட்டிட்டு வர முடியும்ங்கறது வேற விஷயம், ஆனா தானம்ங்கற பகுதியை விட்டுட்டு மத்ததைப் பண்ணி வைங்கன்னு உங்க புரோகிதர்கிட்ட கேக்கறது ஒண்ணும் அதிசயம் இல்லன்னு மாமியார் வீட்ல சொல்றதுக்கு அது உதவும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பொரி போடற சடங்கு ரெண்டு பக்கமும் இருக்கு. அங்க கோய்னு சொல்லுவாங்க, பொண்ணோட தம்பி அவ கையில பொரியைப் போட, மாப்பிள்ளை பின்னாடி நின்னு கையைச் சேத்துப் பிடிக்க, நெருப்புல விடுவாங்க. நம்ம பக்கம் பொரியிடுற வழக்கம் இருக்கற வீடுகள்லயும் பொண்ணோட பொறந்தவன்தான் குடுக்கணும். உங்க தம்பியை ரெண்டு நாளும் ரெடியா இருக்கச் சொல்லுங்க.


முத்துநகர்:

தூத்துக்குடில இருந்து எழுதுதேன் தங்கச்சி. சடங்கைப் பத்தி எனக்குப் பெருசா தெரியாது, ஆனா ஒரு விஷயம் உங்க அம்மாகிட்டச் சொல்லணும்னு தோணுச்சு.

அவங்க ஊர்ல பொண்ணுக்குத் தாலிக்குப் பதிலா வெள்ளையா சங்கு வளையலும் சிவப்பா பவள வளையலும் போடுவாங்கல்லா, ஷாங்கா போலான்னு. அந்தச் சங்கு எங்கேர்ந்து போச்சு தெரியுமா? எங்க கடல்ல இருந்துதான். மன்னார் வளைகுடால முத்துக் குளிக்கிற மாதிரியே சங்கும் குளிப்பாங்க. டச்சுக்காரன் காலத்துலயும் வெள்ளைக்காரன் காலத்துலயும் தூத்துக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்துச் சங்கு கப்பல் கப்பலா வங்காளத்துக்குத்தான் போகும், டாக்கால ஷாங்காரி பஜார்னு ஒரு தெருவே அதை அறுத்து வளையல் பண்றதுக்குன்னு இருந்துச்சு, இன்னைக்கும் அந்தத் தெரு இருக்கு. எங்க தாத்தா சங்கு குளிச்சவரு, கரைல கொண்டு வந்து குவிச்சா மரப்பலகைல துளை போட்டு அதுல விட்டு அளப்பாங்க, துளைல விழுந்தது சின்னது, விழாதது வளையலுக்குன்னு சொல்லுவாரு. அவ்ளோ ஏன், கொற்கைல தோண்டினப்ப சங்கு அறுத்த துண்டா கிடைச்சுது, நம்ம பொம்பளைங்களும் ஒரு காலத்துல சங்கு வளை போட்டவங்கதான். சங்கப் பாட்டுல காதலனைப் பிரிஞ்ச பொண்ணு கை மெலிஞ்சு வளை கழண்டு விழுதுன்னு வருமே அது அந்த வளைதான்.

அதனால அம்மா அந்த வளையலை வேத்து வழக்கம்னு நினைக்க வேண்டாம். நம்ம கடல்ல பொறந்து அங்க போய் அவங்க பொண்ணுங்க கையில ஏறி இப்ப ஒரு மதுரைப் பொண்ணு கைக்குத் திரும்பி வருது.


வைகைப்பொண்ணு:

முத்துநகர் அண்ணே, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அந்த வளையல் என்ன அளவுன்னு அவங்க வீட்ல கேட்டியாடின்னாங்க. இத்தனை நாள்ல அந்தப் பக்கத்துச் சடங்கைப் பத்தி அம்மாவா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

முடிவானதைச் சொல்லிடறேன், பின்னாடி யாராவது தேடி வந்தா உதவும். முதல் நாள் மத்தியானம் மஞ்சள், ரெண்டு வீடும் சேந்து, அவங்க தங்கற வீட்ல இருந்து மாப்பிள்ளைக்குப் பூசின மஞ்சள் வரும், சந்தேஷ் மீனும் வரும். மறுநாள் காலைல தமிழ்க் கல்யாணம், ஐயர் இல்ல, 7ஏ படி, நானும் அவரும் தமிழ்லயும் பெங்காலிலயும் சொல்லிக்கிறோம், அவருக்கு இப்பத்தான் தமிழ் வரிகளை எழுதிக் குடுத்துப் பழக்கிட்டு இருக்கேன். தாலியை எங்க அம்மாவும் அவரோட அம்மாவும் ஒரே தட்டைச் சேந்து பிடிச்சு எடுத்துக் குடுப்பாங்க. மாமாகிட்ட பேசிட்டேன் பெரியகுளம் அத்தை, நீங்க சொன்ன மாதிரியே. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இதை நீ வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தோணலையேம்மா"ன்னு அவரே கலங்கிட்டாரு. மணை தூக்கவும் வர்றேன்னுட்டாரு, இடுப்பு வலி இருக்கு தம்பிங்க தூக்கட்டும்னு அம்மா சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டாரு.

அதுக்கு மறுநாள் சாயங்காலம் பெங்காலிக் கல்யாணம், முழுசா, எதையும் வெட்டாம, சங்கோட. அதுல அவரோட அம்மா வந்து பாப்பாங்களான்னு இன்னும் சொல்லல. காலைக் கல்யாணத்துக்கு வர்றேன்னு டிக்கெட் போட்டுட்டாங்க, சாயங்காலத்தை அப்ப பாத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க, நான் அதுக்கு மேல கேக்கல.

கனகாஞ்சலி மட்டும் இன்னும் முடிவு பண்ணல. அரிசி வீசுவேன், என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல. அம்மாகிட்ட கேட்டேன், "ஒண்ணும் சொல்லாத, திரும்பிப் பாக்காமப் போயிடாத, அது போதும்"னாங்க.